கிரெய்க்குக்கு ஒரு கண்டன போஸ்டர்

இந்த ஊர்ச் சுவர்களில் ஒன்றுமே கிடையாது. வந்து ஆறு வருஷம் ஆகிறது, இன்னும் பழகவில்லை. வட இங்கிலாந்தில் நான் குடியிருக்கும் சிறு நகரத்தில், வீட்டிலிருந்து வேலைக்கு நடக்கிற இருபது நிமிடத்தில் நல்ல நீளமான செங்கல் சுவர்கள் நான்கு வருகின்றன. ஒவ்வொன்றையும் தாண்டும்போது, ‘இதில் பன்னிரண்டு போஸ்டர் தாராளமாக ஒட்டலாமே’ என்று கை துறுதுறுக்கும். யாரும் செத்ததாக அதில் சேதி இல்லை, யாருக்கும் காது குத்தவில்லை, யாரையும் யாரும் கண்டிக்கவில்லை. இத்தனை ஆயிரம் பேர் சேர்ந்து வாழ்கிற ஊரில் ஒருவர் மேல் ஒருவருக்குக் கோபமே வராதா என்று முதல் வருஷம் ஆச்சரியப்பட்டேன். கோபம் வரும், அதைச் சுவரில் போடாமல் காலை ஆறு மணிக்கு முப்பது பேரை வட்டமாக நிறுத்திவைத்துக்கொண்டு போடுவார்கள் என்பது போன குளிர்காலத்தில்தான் தெரிந்தது.

நானும் என் மனைவி பாவாயியும் காய்கறி பாக்கிங் செய்கிற ஒரு ஷெட்டில் வேலை பார்க்கிறோம். கொல்லிமலையிலிருந்து இங்கே எப்படி வந்து சேர்ந்தோம் என்பது தனி ஏஜென்ட் கதை, இதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஷிஃப்ட் தொடங்குமுன் எல்லோரும் வலைத்தொப்பி போட்டுக்கொண்டு வட்டமாக நிற்போம். அதற்கு ‘ஹடில்’ என்று பெயர். நடுவில் சூப்பர்வைசர் கிரெய்க் நிற்பான். முப்பத்தைந்து வயது, என்னைவிடப் பதினேழு வயது சின்னவன். அன்றைக்கு அவன் கையில் ஒரு பிளாஸ்டிக் தட்டு. அதற்குள் இருந்தது பார்ஸ்னிப், அதாவது வெயிலே பார்க்காத கேரட் மாதிரி ஒரு வெளுத்த கிழங்கு. மேலே ஒட்டியிருந்த லேபிளில் கேரட் என்று இருந்தது. கடையிலிருந்து ஒரு லோடு முழுக்கத் திரும்பி வந்துவிட்டதாம். லேபிள் ரோலை முந்தின நாள் சாயங்காலம் மெஷினில் மாட்டியது கிரெய்க். நான் மாட்டியிருந்தால் இவ்வளவு வலித்திருக்காது. என் தப்புக்குத் திட்டு வாங்கி எனக்கு நல்ல பழக்கம்.

“ரான்,” என்றான். சீரங்கன் என்கிற என் பெயரில் அவன் வாய்க்கு அகப்பட்டது அவ்வளவுதான். “உனக்குக் கண் இருக்கா?” என்று ஆரம்பித்து நான்கு நிமிடம் கத்தினான். நான் அவனுக்குப் பின்னால் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததால் நேரம் சரியாகத் தெரியும். கடைசியில், “உங்க மலையில வேலைன்னா இப்படித்தான் செய்வீங்களா? திரும்பிப் போய்க் கிழங்கோட கிழங்கா அங்கயே கெட” என்றான். மலையைப் பற்றி அவனிடம் சொல்லியிருந்தது நான்தான். ஒருநாள் டீ நேரத்தில் மிளகுக்கொடி, மரவள்ளி, மேகம், அருவி என்று பெருமையாக அளந்திருந்தேன். நான் ஊட்டிய சோற்றையே என் மேல் துப்புகிறான். சுற்றிலும் முப்பது பேர். அதில் பாவாயியும் இருந்தாள். அவன் நிறுத்தியதும் நான் தலையை ஆட்டி, சிரித்து, “தேங்க் யூ, கிரெய்க்” என்றேன்.

வேலை முடிந்து நான்கு சுவர்களையும் தாண்டி வீட்டுக்கு நடந்தோம். கதவைத் திறந்ததும் பாவாயி கேட்டாள்.

“ஏனுங்க, அவன் வெய்யறான், நீங்க தேங்க்ஸ் சொல்றீங்க. எதுக்குங்க? இன்னுங் கொஞ்சம் வெய்யச் சொல்லியா?”

“இங்கிலீஷ்ல எல்லாத்துக்கும் தேங்க்ஸ் சொல்லோணும் பாவாயி. அது ஒரு மரியாதை.”

“மலையைச் சொல்றப்பக் கூடவா?”

அதற்குப் பிறகு அவள் என்னிடம் அதைப் பற்றிப் பேசவே இல்லை. ஊரிலிருக்கும் தன் அக்காவிடம் போனில்தான் பேசினாள், எனக்குக் கேட்கிற தூரத்தில் நின்றுகொண்டு. “இங்க எல்லாம் நல்லா இருக்கறோம் அக்கா. இவருக்கென்ன, எல்லாத்துக்கும் தேங்க்ஸ் சொல்லிக்கிட்டு ரொம்ப நல்லா இருக்காரு.” கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் அவள் முன்னால் நான் பலமுறை முட்டாளாக நின்றிருக்கிறேன். கோழையாக நின்றது அதுதான் முதல் தடவை. கிரெய்க்கை நான் பழிவாங்கியாக வேண்டும், அதுவும் அவள் பார்க்கும்படி வாங்கியாக வேண்டும் என்று அந்த போன் பேச்சு முடிவதற்குள் தீர்மானித்துவிட்டேன்.

மற்றவர்களுக்குப் பழிவாங்க அடி, உதை, வழக்கு என்று என்னென்னவோ தெரிந்திருக்கலாம். எனக்குத் தெரிந்தது போஸ்டர் ஒன்றுதான். மலைமேல் எங்கள் குண்டனி நாட்டிலிருந்து இறங்கிவந்து, அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டியில் மாணிக்கண்ணன் வைத்திருந்த சின்ன பிரஸ்ஸில் பதினோரு வருஷம் வேலை பார்த்தவன் நான். மலையிலிருந்து கோபத்தோடு இறங்குகிற எல்லோரும் அங்கேதான் வருவார்கள். அவர்கள் சொல்லச் சொல்ல நான் வாசகம் எழுதுவேன். எங்கள் ஊர் வளைவில் நிற்காமல் போகிற மினிபஸ் மேல் கோபப்பட்டு ஒருமுறை ஒருவர் மிளகு மூட்டையோடு வந்தார். நான் ‘ஓட்டுநரின் போக்கைக் கண்டிக்கிறோம்’ என்று எழுதிக் கொடுத்தேன். மாணிக்கண்ணன் அதைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“சாமி, ‘கண்டிக்கிறோம்’னு போட்டா படிச்சுக்கிட்டே போயிருவான். ‘வன்மையாக’ன்னு முன்னால ஒண்ணு சேரு, நின்னு படிப்பான்.”

“கீழ யார் பேருங்க போடறது? வந்தவரு ஒத்த ஆளுதானுங்களே.”

“ஒத்த ஆளு பேரைப் போட்டா அது அவனோட வயித்தெரிச்சல். ‘ஊர்ப் பொதுமக்கள்’னு போடு, அப்பத்தான் அது கண்டனம்.”

அப்படியே போட்டோம். அந்த மினிபஸ் அடுத்த ஒரு வாரத்துக்கு எங்கள் வளைவில் ஆள் இல்லாவிட்டாலும் நின்று போனது. வார்த்தைகளுக்குப் படி உண்டு, எந்தப் படியில் ஏறி நின்று பேசுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்று நான் கற்றுக்கொண்டது அங்கேதான். ‘கவனத்துக்குக் கொண்டுவருகிறோம்’ என்றால் இருமல். ‘வருந்துகிறோம்’ என்றால் முறைப்பு. ‘கண்டிக்கிறோம்’ என்றால் சட்டையைப் பிடித்தாயிற்று. ‘வன்மையாக’ சேர்ந்தால் சட்டை கிழிந்தாயிற்று. ஆனால் கிரெய்க்குக்குத் தமிழ் தெரியாதே. இந்தப் படிகளுக்கு இங்கிலீஷில் என்ன பெயர் என்று முதலில் தெரிய வேண்டும். அதற்காக நகர நூலகத்தில் செவ்வாய்க்கிழமை தோறும் நடக்கிற இலவச இங்கிலீஷ் வகுப்பில் போய்ச் சேர்ந்தேன். பாவாயியிடம் காரணம் சொல்லவில்லை. ஐம்பத்திரண்டு வயதில் புத்தகப்பை மாட்டிக்கொண்டு கிளம்பியவனைப் பார்த்து, “தேங்க்ஸ் சொல்றது பத்தாதுன்னு இனிப் படிச்சு வேற சொல்லப் போறீங்களா?” என்றாள்.

வகுப்பு எடுத்தவர் ஹேசல் என்ற ஓய்வுபெற்ற ஆசிரியை. ஒருவரை எல்லோர் முன்னாலும் குறைசொல்ல இங்கிலீஷில் எத்தனை வினைச்சொல் உண்டு என்று கேட்டேன். அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். அதுவரை அந்த வகுப்பில் எல்லோரும் மருந்துக்கடையில் என்ன பேசுவது என்றுதான் கேட்டிருப்பார்கள் போல. வெள்ளைப் பலகையில் வரிசையாக எழுதினார். ‘கிரிட்டிசைஸ்’ என்பது எல்லாவற்றிலும் லேசானது, சூப்பில் உப்புக் குறைவு என்பதற்குக்கூடப் போதும். ‘ரிப்யூக்’ சுருக்கென்று ஒரு வார்த்தையில் முடிவது. மேலே இருப்பவர் கீழே இருப்பவரைச் செய்வது, கீழிருந்து மேலே போகாது. ‘பிரேட்’ என்றால் முகத்துக்கு நேரே, கோபமாக, நீளமாக. ‘எவ்வளவு நீளம்?’ என்று கேட்டேன். ‘நான்கைந்து நிமிடம் போகலாம்’ என்றார். சரியாகப் போச்சு என்று குறித்துக்கொண்டேன். ‘சென்ஷர்’ ஒரு சபை கூடித் தீர்மானம் போட்டுச் செய்வது. ‘டிக்ரை’ பெரும்பாலும் ஒரு வழக்கத்தையோ போக்கையோ பார்த்துச் சொல்வது. ‘டினௌன்ஸ்’ என்றால் ஊரறிய எழுந்து நின்று, இவன் கெட்டவன் என்று அறிவிப்பது. ‘கண்டெம்’ எல்லாவற்றிலும் கனமானது. ‘அரசாங்கங்கள் செய்யும், நீதிபதி செய்வார், இடிந்து விழப்போகிற கட்டடத்தையும் செய்வார்கள்’ என்றார். எனக்கு மாணிக்கண்ணன் ஞாபகம் வந்துவிட்டது.

“இதில் எந்தச் சொல் அதிகமாக வலிக்கும்?” என்று இங்கிலீஷில் கேட்டேன். ஹேசல் மார்க்கரைக் கீழே வைத்துவிட்டு என் அருகே வந்தார். “உங்களை யாராவது புண்படுத்திவிட்டார்களா?” என்றார். “இல்லை, எனக்கு ஒருவரைப் புண்படுத்த வேண்டும்” என்றேன். நான் இங்கிலீஷில் தடுமாறிச் சொன்னதாக நினைத்து அவர் கண் கலங்கிவிட்டது. வகுப்பு முடிந்ததும் ஒரு பாக்கெட் பிஸ்கட்டைப் பையில் போட்டு அனுப்பினார். அதைத் தின்றுகொண்டேதான் நூலகத்துக் கம்ப்யூட்டரில் போஸ்டரை வடிவமைத்தேன்.

பெரிய போஸ்டரை எங்கள் தொழிலில் பிட் பிட்டாகத்தான் அடிப்போம். மேல் பிட்டில் படமும் பெயரும், கீழ் பிட்டில் வாசகம். முதலில் மேல் பிட்டை ஒட்டிவிட்டு, கீழ் பிட்டின் தலை அதன் மேல் ஏறி உட்காரும்படி ஒட்ட வேண்டும். அதற்காக மேல் பிட்டின் அடியில் வெள்ளை விட்டு வைப்போம். கைக்குப் பழகின வேலையல்லவா, இங்கேயும் அப்படியே செய்தேன். கேன்டீன் நோட்டீஸ் போர்டில் முதலுதவி செய்பவர்கள் வரிசையில் கிரெய்க்கின் சிரித்த முகம் இருந்தது. அதைப் போனில் எடுத்து மேல் பிட்டில் பெரிதாகப் போட்டேன். சுற்றிலும் பூக்கொடி பார்டர். கல்யாணமோ கண்டனமோ, மாணிக்கண்ணனிடம் அந்த ஒரு பார்டர்தான் இருந்தது. படத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில் அவன் பெயர். அதற்கும் கீழே ஒரு சாண் வெள்ளை. கீழ் பிட்டில்தான் விஷம். பிரேட் செய்தவனை வன்மையாகக் கண்டெம் செய்கிறோம், இப்படிக்கு அனைத்துத் தொழிலாளர்கள் என்று இங்கிலீஷில் அடித்தேன். மற்ற இருபத்தொன்பது பேரை நான் கேட்கவில்லை. கேட்டுப் போடுகிற வழக்கம் எங்கள் பிரஸ்ஸில் கிடையாது.

மறுநாள் காலை பத்து மணி டீ நேரத்தில், எல்லோரும் சிகரெட்டுக்கு வெளியே போயிருந்தபோது மேல் பிட்டை நோட்டீஸ் போர்டில் நான்கு பின் குத்தி மாட்டினேன். கீழ் பிட்டைக் கையில் எடுத்தேன். அதற்குள் கதவுக்கு அந்தப் பக்கம், “ரான்! லைன் நிக்குது!” என்று கிரெய்க்கின் சத்தம். கீழ் பிட்டை மடித்துக் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டு ஓடினேன். சாப்பாட்டு வேளைக்கு மாட்டிக்கொள்ளலாம், மேல் பிட் அவன் மூஞ்சிதானே, அது பாட்டுக்கு இருக்கட்டும் என்று நினைத்தேன்.

பன்னிரண்டரைக்குக் கேன்டீனுக்குப் போனால் போஸ்டர் முன்னால் கூட்டம். போலந்துக்காரி பியாட்டா, என் பக்கத்து லைனில் நிற்பவள், பேனாவால் எதையோ எழுதிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். நான் விட்டுவைத்த ஒரு சாண் வெள்ளையும் நிறைந்துகொண்டிருந்தது. ‘போய் வா கிரெய்க், வாழ்த்துகள்.’ ‘புது வேலையில் ஜமாய்.’ ‘ஒருவழியாக!’ ‘பார்ட்டி எப்போது?’ அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த ஷெட்டில் யாராவது வேலையை விட்டுப் போனால் அவர் படம் போட்ட பெரிய அட்டை ஒன்று அந்தப் போர்டில்தான் வரும், எல்லோரும் அதில் ஒரு வரி எழுதுவார்கள். முகமே தெரியாத எத்தனையோ பேருக்கு நானே ‘பெஸ்ட் விஷஸ்’ எழுதியிருக்கிறேன். பூக்கொடி போட்ட கிரெய்க்கின் படத்தைப் பார்த்து அவன் போகிறான் என்று முடிவுகட்டிவிட்டார்கள். இருபத்தெட்டு வரிகள். ‘போகாதே’ என்று ஒருவரும் எழுதவில்லை. பியாட்டா தன் வரியை முடித்து, பக்கத்தில் ஒரு சூரியன் வரைந்தாள்.

கிரெய்க் சாண்ட்விச்சோடு உள்ளே வந்தான். தன் படத்தைப் பார்த்து முதலில் சிரித்தான். பிறகு கிட்டே போய்ப் படித்தான். ஒவ்வொரு வரியாக, விரலை வைத்து, அவன் படித்ததை நான் பார்த்தேன். அவன் கழுத்து சிவப்பது தெரிந்தது. ஹேசல் பலகையில் எழுதிய அத்தனை சொற்களையும் ஒன்றாகச் சேர்த்து அவன் தலையில் கொட்டியிருந்தாலும் இந்த வேலையைச் செய்திருக்காது. “நான் போறேன்னு யார் சொன்னது?” என்றான். “போகலையா?” என்று கேட்ட பியாட்டாவின் முகத்தில் இருந்த ஏமாற்றத்தை அவனும் பார்த்தான், நானும் பார்த்தேன். உண்மையைச் சொல்ல வேண்டும், எனக்கு இனித்தது. நாக்கில், தொண்டையில், வயிற்றில், இறங்கிய இடமெல்லாம் இனித்தது. பாவம் என்று ஒரு துளிகூடத் தோன்றவில்லை. பாவாயி மூலை மேசையில் டிபன் டப்பாவைத் திறந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிரெய்க் இன்னொரு முறை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினான். “நீ மட்டும் எழுதலையே, ரான். நீயும் உன் மனைவியும்.” அவன் குரல் வேறு மாதிரி இருந்தது. அந்த ஷெட்டில் தான் போவதைக் கொண்டாடாத ஒரே குடும்பம் நாங்கள்தான் என்று அவனுக்குத் தோன்றிவிட்டது. என்னைத் திட்டியதற்கு அந்த நிமிடம் அவனுக்கு வெட்கமாக இருந்திருக்கலாம். ஆனால் அதைச் சொல்லவில்லை. பேனாவை நீட்டி, “நீயும் ஏதாவது எழுது, மேட்” என்றான்.

கோட்டுப் பையில் கீழ் பிட் கனத்தது. பேனாவை வாங்கினேன். கண்டெம், டினௌன்ஸ், சென்ஷர் எல்லாம் மண்டைக்குள் முட்டி மோதின, ஒன்றுக்கும் எழுத்துக்கூட்டு வரவில்லை. பாவாயி டப்பாவை மூடிவிட்டு எழுந்து நின்றாள். மூலையில் கட்டைவிரல் அளவு வெள்ளை மிச்சம் இருந்தது. அதில் தமிழில் எழுதினேன். ‘வன்மையாகக் கண்டிக்கிறேன். சீரங்கன், குண்டனி நாடு, கொல்லிமலை.’ பதினோரு வருஷம் மற்றவர்களுக்காக எழுதியும், ஒரு கண்டனத்துக்குக் கீழே என் பெயரை நான் போட்டது அதுதான் முதல் தடவை. கிரெய்க் குனிந்து அதை உற்றுப் பார்த்தான். “பியூட்டிஃபுல்” என்று சொல்லி என் தோளைத் தட்டினான். அவன் முதுகுக்குப் பின்னால் பாவாயி கிட்டே வந்து எழுத்துக்கூட்டிப் படித்தாள். வலைத்தொப்பியை வாய்க்குப் பொத்திக்கொண்டு அவள் சிரித்த சிரிப்புக்காக நான் இன்னும் நான்கு செவ்வாய்க்கிழமை வகுப்புக்குப் போகத் தயார்.

அன்றைக்குச் சாயங்காலம் தட்டில் இரண்டு முட்டை வைத்தாள். ஆனால் நான் முதல் முட்டையைத் தொடுவதற்குள், “எல்லாஞ் சரிதானுங்க. அவனுக்குப் புரியலையே” என்றாள்.

“எழுதிட்டேனில்ல? அத்தனை பேரு முன்னால.”

“அத்தனை பேருல படிச்சது நான் ஒருத்திதானுங்களே. எனக்கா வஞ்சீங்க?”

அதுதான் சிக்கல். அதற்குப் பிறகு கிரெய்க் என்னைத் திட்டவே இல்லை. என் வாழ்க்கையே நாசமாகப் போனது. டீ வாங்கித் தருவான், பால் நிறைய ஊற்றி. ஹடிலில் என் தோளில் கைபோட்டு, “இந்த இடத்தில் ஒரே ஜென்டில்மேன் ரான்தான்” என்பான். மற்ற இருபத்தெட்டு பேரும் என்னைக் காட்டிக்கொடுத்தவன் மாதிரி பார்ப்பார்கள். ஒருவனை வெறுப்பதற்கு அவனும் கொஞ்சம் ஒத்துழைக்க வேண்டாமா? இருந்தாலும் மலையைப் பற்றிச் சொன்னதை அவன் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. ‘ஸாரி’ என்கிற அந்தச் சின்ன வார்த்தையை, கதவில் இடித்துக்கொண்டால் கதவுக்கே சொல்கிற இந்த நாட்டில், எனக்கு அவன் சொல்லவில்லை. ஒவ்வொரு டீயோடும் அதையும் சேர்த்துத்தான் விழுங்கினேன்.

போன மாதம் மூன்று வாரம் லீவு எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனோம். திரும்புவதற்கு இரண்டு நாள் முன்னால், பாவாயியின் அக்கா வீட்டிலிருந்து கிளம்பி, மலைமேல் வாசலூர்பட்டியில் பஸ்ஸுக்கு நின்றோம். படகு ஏரிக்கு வந்த டூரிஸ்ட் கூட்டம் அன்னாசிப்பழம் தின்றுகொண்டிருந்தது. பஸ் நிற்கிற இடத்துச் சுவரில் புதுசாக ஒரு கண்டன போஸ்டர், பசை காயாமல். யாரை யார் கண்டிக்கிறார்கள் என்று படிக்கக் கிட்டே போனேன். ஒரு ஆடு முன்னங்கால் இரண்டையும் சுவரில் ஊன்றி நின்று, மைதாப் பசைக்கு ஆசைப்பட்டு அதைத் தின்றுகொண்டிருந்தது. ‘வன்மையாக’ மட்டும்தான் மிச்சம். அந்த நேரம் பார்த்து எங்கிருந்தோ சிக்னல் வந்து போன் கிணுகிணுத்தது. கிரெய்க் ஒரு படம் அனுப்பியிருந்தான். அந்தப் போஸ்டரை அவன் வீட்டு நடையில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தான். இருபத்தெட்டு வரிகளையும் வெட்டி எடுத்துவிட்டு, தன் முகமும் என் ஒரு வரியும் மட்டும் இருக்கும்படி. ‘வர்றவங்க எல்லாம் கேக்கறாங்க. அம்மாவும் கேட்டாங்க. இதுக்கு என்ன அர்த்தம், மேட்?’

பாவாயியிடம் காட்டினேன். ஆட்டைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள்.

“கேக்கறானில்ல, சொல்லிருங்க.”

“இப்பப் போயா? அவன் அம்மா வேற கேக்குதாம்.”

“மலையைச் சொல்றப்ப உங்க அம்மாவை நெனச்சானுங்களா அவன்?”

சுவரில் சாய்ந்து நின்று தட்டினேன். கிரிட்டிசைஸ் என்று போட்டால் தப்பித்துக்கொள்ளலாம், சூப்புக்குச் சொல்கிற வார்த்தை. ரிப்யூக் மேலே ஏறாது. சென்ஷருக்குச் சபை வேண்டும், அங்கே இருந்தது ஆடும் பாவாயியும்தான். கடைசியில் கனமானதையே எடுத்தேன். ‘உன்னை நான் வன்மையாகக் கண்டெம் செய்கிறேன் என்று அர்த்தம். என் மனைவி முன்னால் என் மலையைப் பற்றி நீ சொன்னதற்கு.’ அனுப்பினேன். அதற்குள் சிக்னல் போய்விட்டது. செய்திக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கடிகாரம் மட்டும் நின்றது. பஸ் வந்தது, ஏறினோம். முதல் கொண்டை ஊசி வளைவு வருவதற்குள்ளேயே என் கட்டைவிரல் அழிக்கிற பொத்தானைத் தேடிப் போய்விட்டது. பாவாயி போனைப் பிடுங்கித் தன் பைக்குள் போட்டு, பையை மடியில் இறுக்கிக்கொண்டாள்.

“அழிச்சுப்புடுவீங்க. எனக்குத் தெரியாதா உங்களை?”

மலை வளைவு வளைவாகக் கீழே இறங்கியது. எந்த வளைவில் சிக்னல் வந்து அந்தச் செய்தி என்னை விட்டுப் போனதோ தெரியாது. காளப்பநாயக்கன்பட்டியில் இறங்கி நின்றதும் அவள் போனை எடுத்துக் கொடுத்தாள். செய்திக்குப் பக்கத்தில் இரண்டு நீல டிக் விழுந்திருந்தது. படித்துவிட்டான். பதில் இல்லை. திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு ஹடில். நான் எழுதியது அங்கே போய்ச் சேர்ந்து கிரெய்க் வீட்டு நடையில் நின்றுகொண்டிருந்தது. நான், மலையை விட்டு இறங்கியும் அங்கே போய்ச் சேராமலும், இரண்டு பெட்டிகளோடு பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தேன்.